வியாழனைப் பார்க்க ஒரு கையெழுத்து

திண்டிவனம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் இருபத்தாறு வருடமாகப் பத்திரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, விடுதலை எதுவானாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூட முதல் வரியிலிருந்து ஒப்பிப்பேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைக்கவில்லை. அப்படிப்பட்டவனுக்கு நாற்பத்தெட்டு வயதில் வானம் பார்க்கும் பைத்தியம் பிடித்தது. விழுப்புரத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டு ரயிலுக்கு நடந்துகொண்டிருந்தேன். ஒரு மைதானத்தில் நாலைந்து பேர் ஒரு தடித்த குழாயைச் சுற்றி நின்றிருந்தார்கள். என்ன விற்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கப் போனவனை ஒருவர் குனியச் சொன்னார். குனிந்தால் நிலா. குழிகுழியாக, மேடும் பள்ளமுமாக, அவ்வளவு கிட்டத்தில். ரயிலைக் கோட்டைவிட்டேன். பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தேன். மறுவாரமே அவர்களுடைய வானியல் மன்றத்தில் உறுப்பினராகிவிட்டேன்.

எனக்கு ஒரே அக்கா. முகையூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அப்பா போன மறு வருடம், நிலத்தை என் பேருக்கு மாற்ற அக்காவின் விடுதலைப் பத்திரம் தேவைப்பட்டது. பெண்பிள்ளைகள் தங்கள் பாகத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவது எங்கள் பக்கம் யாரும் வாய்விட்டுப் பேசாமலே நடந்து முடிகிற காரியம். நானே பத்திரத்தை எழுதித் தயாராக வைத்துக்கொண்டு அவளை வரச் சொன்னேன். பஸ்ஸை விட்டு இறங்கியவளை நேராக அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். அப்புறம் ஓட்டலில் பொங்கல் வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

சண்டை எதுவும் இல்லை. நல்லது கெட்டதுக்கு வருவாள், சிரித்துப் பேசுவாள். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு என் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. என்னிடம் எதையும் கேட்பதும் இல்லை. சின்ன வயதில் கேள்வி கேட்டே என்னைக் கொன்றவள், பதினோரு வருடமாக ‘நல்லா இருக்கியா’ என்பதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டதில்லை. அது எனக்கு உறுத்தாமல் இல்லை. உறுத்தியதை வெளியே காட்டிக்கொள்ளாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

போன வருடம் ஒரு வளைகாப்பு வீட்டில், என் போனில் இருந்த நிலா படத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவும் எட்டிப் பார்த்தாள். “இது நீயே எடுத்ததாடா?” என்றாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட கேள்வி அது. “ஆமாங்க்கா. நீயும் ஒரு தரம் வந்து பாரேன். கண்ணால பாத்தா இன்னும் நல்லா இருக்கும்” என்றேன். “பாக்கலாம்” என்றாள். அவள் ஒருமுறை வந்து அந்தக் குழாயில் கண் வைத்துவிட்டால் போதும், எங்களுக்குள் ஏதோ சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. ஏன் தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அன்றிலிருந்து எனக்கு அது ஒன்றே குறி.

இனி மன்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொத்தம் பதினேழு பேர். பல் டாக்டர் ஒருவர், உரக்கடைக்காரர் ஒருவர், மொபைல் ரிப்பேர் பார்ப்பவர் ஒருவர், நான். மீதி எல்லோரும் வாத்தியார்கள். தலைவர், விழுப்புரம் ஜங்ஷனில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நட்சத்திரத்தைவிடப் பாதுகாப்பின் மேல்தான் காதல் அதிகம் என்று எங்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு. தொலைநோக்கியின் மூன்று கால்களிலும் வெள்ளைத் துணி கட்டினால்தான் இருட்டில் யாரும் இடற மாட்டார்கள் என்பார். இருட்டுக்குப் பழகிய கண் கூசாமல் இருக்க டார்ச்சுகளுக்கெல்லாம் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டியிருக்க வேண்டும், செருப்பு கூடாது, ஷூ வேண்டும். நட்சத்திரம் காட்டும் பச்சை லேசரைத் தன் சட்டைப் பையில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பார், வேறு யார் கைக்கும் தர மாட்டார். பகலில் சூரியனைக் காட்டும் நாட்களில் வடிகட்டியைத் தானே மாட்டி, தானே இழுத்துப் பார்த்து, பக்கவாட்டில் இருக்கும் குட்டிக் குழாயைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்ட பிறகுதான் பிள்ளைகளைக் கிட்டே விடுவார். “பெரிய கொழாய மூடிட்டு சின்னத மறந்துட்டா கண்ணு போச்சுங்க. அப்புறம் மன்னிப்பு கேட்டு இன்னா பிரயோஜனம்?” என்பார். நாங்கள் கேலி செய்வோம். ஆனாலும் அவர் சொன்னதை மீறியதில்லை.

அத்தனை இருந்தும் பொம்மையார்பாளையம் கடற்கரையில் ஒரு நாள் தவறிவிட்டது. பார்க்க வந்த வாத்தியார் ஒருவர், தொலைநோக்கியோடு மனைவியைப் படம் எடுக்கப் பின்னாலேயே நடந்து போய், மீனவர்கள் இழுத்து வைத்திருந்த படகில் கால் இடறி உட்கார்ந்தார். கணுக்கால் பிசகிவிட்டது. அவருக்கு ஒன்றும் கோபமில்லை, கட்டுப் போட்ட காலோடு மறுபடியும் வந்து சனிக்கோளைப் பார்த்தார். ஆனால் அவருடைய மைத்துனர் வக்கீல். அவர் தலைவருக்குப் போன் போட்டு, “கால் ஒடைஞ்சிருந்தா யாருங்க பொறுப்பு?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். தலைவருக்கு அன்று தூக்கம் போனது.

மறு கூட்டத்தில், வருகிறவர்களிடம் பொறுப்பு ஒப்புதல் படிவம் வாங்கியே தீர வேண்டும் என்றார். பல் டாக்டர் இன்டர்நெட்டில் ஏதோ வெளிநாட்டு மன்றத்தின் படிவத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாலு பக்க இங்கிலீஷ். பனிச்சரிவுக்கும் கரடிக்கும் மன்றம் பொறுப்பல்ல என்று அதில் இருந்தது. “கரடி வந்தா நம்மூருக்குப் பெருமதான். நாயி வந்தா இன்னா பண்றதுன்னு போட்டிருக்கானா பாருங்க” என்றார் உரக்கடைக்காரர். கடைசியில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பத்திரம் எழுதுகிறவர் பக்கத்திலேயே இருக்கும்போது எதற்கு வெளியே அலைய வேண்டும் என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன்.

எழுதினேன் என்றால், எனக்குத் தெரிந்த மாதிரி எழுதினேன். எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர் என்று தொடங்கி, ‘என் சுயநினைவோடும் பிறர் தூண்டுதல் ஏதுமின்றியும் மனப்பூர்வமாகச் சம்மதித்து’ என்று போய், ‘பின்னிட்டு எனக்கோ என் வாரிசுகளுக்கோ மேற்படி மன்றத்தின் பேரில் யாதொரு உரிமையும் பாத்தியதையும் இல்லை’ என்று முடித்தேன். கீழே சாட்சிகள் இரண்டு பேருக்கு இடம். கைநாட்டு வைப்பவர்களுக்கு ஒரு கட்டம். அத்தோடு விட்டேனா? அடுத்த நிகழ்ச்சிக்குப் பார்த்து வைத்திருந்த மலைப் பாறைக்கு நான்கெல்லையும் போட்டேன்: வடக்கே படிக்கட்டுக்கும், கிழக்கே பாறைச் சரிவுக்கும், தெற்கே முள்வேலிக்கும், மேற்கே புங்க மரத்துக்கும் உட்பட்ட சமப்பாறை. வாத்தியார்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைவர் மட்டும், சரிவு எந்தப் பக்கம் என்று தெளிவாக இருக்கிறது, ரொம்ப நல்லது என்றார்.

அந்த வக்கீல் மைத்துனரிடமும் காட்டினோம். அவர் படித்துவிட்டு, நீங்கள் அஜாக்கிரதையாக இருந்தால் எந்தப் பேப்பரும் உங்களைக் காப்பாற்றாது என்றார். “அப்ப இது எதுக்குங்க?” என்று நான் கொஞ்சம் காட்டமாகவே கேட்டேன். என் எழுத்தைக் குறை சொன்னால் எனக்கு ஆகாது. “படிக்கறவன் ஒரு நிமிஷம் நின்னு யோசிப்பான் இல்ல, அதுக்குத்தான்” என்று அவருக்குப் பதிலாகத் தலைவர் சொன்னார்.

முதல் சோதனை பெருமுக்கல் மலையில். மாசி மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கோவிலிலும் ஊரிலும் சொல்லி அனுமதி வாங்கி, பாதி மலையில் இருக்கும் சமப்பாறையில் இரண்டு தொலைநோக்கிகளை வைத்தோம். வளர்பிறை நிலாவும் வியாழனும் உச்சியில் இருக்கும், எட்டரைக்கெல்லாம் எல்லோரையும் இறக்கிவிடலாம் என்று திட்டம். நான் அக்காவுக்குப் போன் செய்தேன். “வர்றேன்” என்று ஒரே வார்த்தையில் சொன்னாள். நிகழ்ச்சியன்று மத்தியானமே வந்துவிட்டாள். ஒரு துணிப்பையில் வேகவைத்த மல்லாட்டை, வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், கொண்டு வந்திருந்தாள்.

மலையடிவாரத்தில் ஒரு மேஜை போட்டு நான் உட்கார்ந்தேன். படிவக் கட்டு, நாலு பேனா, கூடவே என் ஆபீஸ் மைப்பெட்டி. பழக்க தோஷம், அதில்லாமல் என் கை மேஜையில் நிற்காது. நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள். அறுவடை வேலை முடித்துக் குளித்துவிட்டு, தலையில் பூவோடு, திருவிழாவுக்குப் போகிற மாதிரி வந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஆளுக்கொரு படிவத்தைக் கொடுத்தேன்.

மைப்பெட்டியைப் பார்த்ததும் முதல் வரிசையில் நின்றிருந்த ஓர் அம்மா ஓரடி பின்னால் போனாள். “எதுக்கு இது?” என்றாள். “ஒண்ணுமில்லம்மா, ஒரு ஒப்புதல்தான்.” “ஒண்ணுமில்லன்னா ஏன் கைநாட்டு வைக்கணும்?” பக்கத்தில் இருந்தவள் காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “பத்திரம் மாதிரி இருக்குதுடி. வாரிசுன்னுலாம் போட்டிருக்குது” என்றாள். பேச்சு வரிசை முழுக்க ஓடிவிட்டது. நிலா பார்க்க வந்தால் நிலத்தை எழுதி வாங்கப் பார்க்கிறார்கள் என்று யாரோ பின்னால் சொன்னார்கள். “தே, அதெல்லாம் பேஜாரு. நிலா ஊட்டு மேலயே தெரியுது, வாங்க போவலாம்” என்று ஒரு கூட்டம் திரும்பி நடக்கத் தொடங்கியது.

எனக்கு வேர்த்துவிட்டது. தலைவரிடம் ஓடி, இன்று ஒரு நாள் கையெழுத்தை விட்டுவிடலாம் என்றேன். “சிக்னல் விழாம வண்டி எடுக்க முடியாதுங்க” என்றார். அந்த மனிதரிடம் அதற்கு மேல் பேச முடியாது. பொழுது இறங்கிவிட்டது, நிலா பளிச்சென்று மேலே நிற்கிறது, எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. ஊர்க்காரர்கள் மேலா, தலைவர் மேலா, என் மேலேயா என்று தெரியவில்லை.

அப்போதுதான் அக்காவைப் பார்த்தேன். மேஜைக்குப் பக்கத்தில் நின்று, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, படிவத்தை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். சத்துணவுப் பதிவேடுகளில் பழகிய கண், ஒரு எழுத்தையும் விடாது. ‘யாதொரு உரிமையும் பாத்தியதையும் இல்லை’ என்ற இடத்தில் விரலை வைத்தாள். “இந்த வரிய நான் ஏற்கெனவே படிச்சிருக்கேன்டா” என்றாள்.

அது எனக்கு மட்டும்தான் புரிந்தது. காது மடல் இரண்டும் சுட்டன. அவள் பஸ் பிடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். இத்தனை நாள் ஆசைப்பட்டு அழைத்துவந்து, மறுபடியும் நான் எழுதி வைத்த காகிதத்தைத்தானே அவள் கையில் கொடுத்திருக்கிறேன்! என்னைப் போல ஒரு மடையன் இந்தத் தாலுக்காவிலேயே இருக்க மாட்டான் என்று தோன்றியது.

ஆனால் அக்கா போகவில்லை. திரும்பி நடந்துகொண்டிருந்த பெண்களைப் பார்த்து, “இருங்க, ஏன் ஓடறீங்க? கேட்டுட்டுப் போவலாம்” என்றாள். பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளைப் பந்தியில் உட்காரவைக்கிற குரல். நின்றுவிட்டார்கள். பிறகு என்னிடம் திரும்பினாள். “நாங்க எழுதிக் குடுக்கறது இதுல இருக்குது. நீங்க எங்களுக்கு எழுதிக் குடுக்கறது எங்க இருக்குது?”

இருபத்தாறு வருடத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. தலைவர்தான் முந்திக்கொண்டார். “கரெக்டுங்க. நீங்களே சொல்லுங்கம்மா, இன்னா எழுதணும்?” என்று ஒரு படிவத்தைப் புரட்டி வெள்ளைப் பக்கத்தை என் முன்னால் வைத்தார்.

அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். படியில் இருட்டான இடத்தில் எல்லாம் ஓர் ஆள் விளக்கோடு நிற்க வேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்குக் கை கொடுக்க ஆள் வேண்டும், பாதி வழியில் உட்கார ஸ்டூல் வேண்டும். குடிக்கத் தண்ணீர் மேலேயும் இருக்க வேண்டும், கீழேயும் இருக்க வேண்டும். முதலில் பின்வாங்கிய அம்மா கிட்டே வந்து, “பாம்பு வந்தா?” என்றாள். பாறையையும் படியையும் சாயங்காலமே தட்டிப் பார்த்தாகிவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகப் பல் டாக்டரின் கார் அடிவாரத்திலேயே நிற்கும் என்று எழுதினேன். சரிவுப் பக்கம் கயிறு கட்ட வேண்டும் என்றாள் இன்னொருத்தி. அது ஏற்கெனவே கட்டியிருந்தது, அதையும் எழுது என்றார்கள். தலைவர் தன் பங்குக்கு, ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் குறுகல் படியில் முட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு டென்னிஸ் பந்தை எடுத்து நீட்டினார். பந்து யார் கையில் இருக்கிறதோ அந்தக் கூட்டம் மட்டும்தான் படியில் நடக்கலாம். “ஒத்த லைன்ல எதிரெதிரா ரெண்டு வண்டி வரக் கூடாதுங்க. எங்க டோக்கன் முறை” என்றார். அவருக்கு அன்று இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எழுதி முடித்ததும் அக்கா வாங்கி, முழுக்க உரக்கப் படித்துக் காட்டினாள். பிறகு காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். “இப்ப மொதல்ல நீ போடு.”

போட்டேன். தலைவர் போட்டார், டாக்டர் போட்டார், பதினேழு பேரும் வரிசையில் நின்று போட்டோம். “கைநாட்டு வைக்கலியா சார்?” என்று ஒரு பெண் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் கட்டை விரலையும் மையில் தோய்த்து ஒன்று வைத்தேன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அப்புறம் அதே படிவத்தின் முன்பக்கத்தில் வாரிசு, பாத்தியதை எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ‘சொன்னபடி ஏறி இறங்குவேன், லேசரைக் கேட்க மாட்டேன், பிள்ளையைக் கையில் பிடித்திருப்பேன்’ என்று மட்டும் வைத்தோம். கால் மணி நேரத்தில் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அக்கா கடைசியாகப் போட்டாள்.

படிக்கட்டுக்கு வந்ததும் கையை நீட்டினாள். “எழுதிக் குடுத்திருக்கியே, புடி” என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். வழியெல்லாம் கேள்வி. இந்த மலையில் கல் எப்படிக் கொண்டு வந்தார்கள், அந்தச் சிவப்பு நட்சத்திரத்துக்குப் பெயர் என்ன, உனக்குச் சர்க்கரை இருக்கிறதாமே, மாத்திரை சாப்பிடுகிறாயா. மூச்சு வாங்க வாங்கப் பதில் சொன்னேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மேலே வியாழன் பக்கம் வரிசை பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் தொலைநோக்கி தானாக நகராது, கிரகம் கொஞ்ச நேரத்தில் வட்டத்தை விட்டு ஓடிவிடும், கையால் தள்ளித் தள்ளிப் பிடிக்க வேண்டும். மைப்பெட்டியைப் பார்த்துப் பின்வாங்கிய அம்மா, வியாழனையும் அதன் பக்கத்தில் நாலு புள்ளி நிலாக்களையும் பார்த்துவிட்டு, “நாலு புள்ள பெத்தவ மாதிரி இருக்குது” என்றாள். பாறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மல்லாட்டை கைமாறிக்கொண்டிருந்தது. பந்து படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது, தலைவர் ஒவ்வொரு தடவையும் விசில் ஊதினார்.

அக்கா முதல் தடவை பார்த்தாள். நகர்ந்து போய் வரிசையின் கடைசியில் மறுபடியும் நின்றாள். இரண்டாவது தடவை வந்து குனிந்தபோது நான் அவள் காதருகில் நின்றிருந்தேன். பின்னால் நின்ற பெண்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, அந்த நிலத்துல உனக்கு எது வேணும்?” என்றேன்.

எப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவள் கண்ணை எடுக்கவில்லை. “இரு, நவுந்துக்கினே இருக்குது. பாத்துட்டு சொல்றேன்” என்றாள். குழாயை ஒரு விரற்கடை தள்ளிவிட்டேன். நிதானமாகப் பார்த்தாள். வரிசையில் யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு நிமிர்ந்து, கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

“கெணத்துக்கு மேக்கால, தென்ன மரம் வரிக்கும்” என்றாள்.

யோசிக்கவே இல்லை. எந்தத் துண்டு, எதுவரைக்கும் என்று இத்தனை வருடமாக அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நல்ல வேளையாக அங்கே சிவப்பு டார்ச்தான் இருந்தது.

“திங்கட்கிழமையே பதிஞ்சிடலாங்க்கா.”

“பதியறதுக்கு முன்னாடி எழுதி எங்கிட்ட காட்டு” என்றாள் அக்கா. “நாளைக்கு உங்க ஊட்லதான இருக்கப் போறேன், காலைல ஒக்காந்து படிச்சிடறேன்.” அடுத்த பெண்ணுக்கு இடம் விட்டுவிட்டு, மூன்றாவது தடவைக்கு வரிசையின் கடைசிக்குப் போனாள்.